ஸ்தோயானொவ்: ஒரு பல்கேரியக் குடும்பப் பெயரின் பிறப்பும் பொருளும்

1. ஆய்வுப் பொருள்

பல்கேரியாவில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் இவானொவ், கெயோர்கியெவ், திமித்ரொவ், பெத்ரொவ், நிக்கொலொவ், ஹ்ரிஸ்தொவ், ஸ்தோயானொவ், தொதொரொவ் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தேவாலயத்தின் வழியே வந்தவை. யோவான், ஜார்ஜ், திமேத்ரியஸ், பேதுரு, நிக்கலாஸ், தியோடர் என்னும் புனிதர்களின் பெயர்களும் கிறிஸ்துவின் பெயரும் கிரேக்கத் திருச்சபையிடமிருந்து பல்கேரியருக்குக் கிடைத்தவை. ஸ்தோயானொவ் மட்டும் ஸ்லாவிய மண்ணில் முளைத்தது. அதற்கு அடியான ஸ்தோயான் என்ற ஆட்பெயர் எந்தப் புனிதரின் வரலாற்றையும் சார்ந்திருக்கவில்லை.

பல்கேரிய அரசர் முதலாம் போரிஸ் 864-ஆம் ஆண்டு வாக்கில் ஞானஸ்நானம் பெற்றார். பைசாந்தியப் பேரரசரின் பெயரை ஏற்று அவரே மிஹாயில் ஆனார். அன்று முதல் குழந்தைக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் பெருமளவு திருச்சபையின் கையில் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு நாட்டுப்புறப் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, பெரும் புனிதர்களின் பெயர்களோடு தோளொட்டி நிற்கிறது என்றால், மக்களுக்கு அதனிடம் ஒரு தேவை இருந்திருக்க வேண்டும். அந்தத் தேவை எது என்பது இக்கட்டுரையின் முதல் கேள்வி. ஒரு மனிதனின் பெயர் எப்படி, எப்போது ஒரு குடும்பத்தின் பெயராக உறைந்தது என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் நான் தரும் விடைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்தோயான் வீரத்தைப் போற்றும் பெயர் அன்று. பிள்ளை செத்துப்போகாமல் தங்க வேண்டும் என்று பெற்றவர்கள் வைத்த வேண்டுதல். ஸ்தோயானொவ் ஒரு குலத்தின் பெயரும் அன்று. தனித்தனி ஊர்களில், தனித்தனித் தலைமுறைகளில் வாழ்ந்த எத்தனையோ ஸ்தோயான்கள் விட்டுச் சென்ற தடம். எனவே ஒரே குடும்பப் பெயரைக் கொண்டு உறவுமுறை பேசுவது இங்கே செல்லாது.

ஒலிப்பு பற்றி ஒரு குறிப்பு. பல்கேரியர் இப்பெயரில் ‘யா’ எழுத்துக்கு அழுத்தம் கொடுப்பார்கள். அழுத்தமில்லாத ஒகரங்கள் உகரத்தை நோக்கிச் சாயும். இறுதி ‘வ்’ காற்றொலியாகி ‘ஃப்’ என்று கேட்கும். பழைய பிரெஞ்சு, ஆங்கில ஆவணங்களில் பல்கேரியப் பெயர்கள் ‘ஒஃப்’ என்று முடிவதற்குக் காரணம் இதுவே. எழுத்தில் உள்ளபடியே இங்கு ஸ்தோயானொவ் என்று எழுதுகிறேன்.

2. சொல்லின் உறுப்புகள்

2.1 அடிச்சொல்

பல்கேரியத்தில் ‘ஸ்தொயா’ என்றால் நிற்கிறேன், இருக்கிறேன், தங்குகிறேன் என்று பொருள். அதன் ஏவல் ‘ஸ்தொய்’. ஓடுகிறவனை நில் என்று தடுக்கும் சொல் அதுதான். இதன் மூலம் பழைய ஸ்லாவியத்தின் ‘ஸ்தொயாதி’. அது இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மிகப் பழைய வேர்களுள் ஒன்றைச் சேர்ந்தது. லத்தீனின் ‘ஸ்தாரே’யும் வடமொழியின் ‘ஸ்தா’வும் அதே வேரின் கிளைகள். தமிழ் கடன் வாங்கிய ஸ்தானம், ஸ்திரம் என்ற சொற்களும் அந்த வடமொழிக் கிளையில் பூத்தவையே.

வினையடியோடு ‘ஆன்’ என்னும் ஈறு சேர்ந்து ஸ்தோயான் பிறக்கிறது. அன்பு என்ற பொருளுள்ள ‘திராக்’ என்ற சொல்லிலிருந்து திராகான், இனிமை என்ற பொருளுள்ள ‘மில்’ என்ற சொல்லிலிருந்து மிலான் வந்ததும் இதே வழியில்தான். வேறொரு விளக்கமும் சொல்ல இடமுண்டு. ஸ்தோயிமிர், ஸ்தோயிஸ்லாவ் போன்ற இருசொல் பெயர்கள் பழைய ஸ்லாவிய மரபில் இருந்தன. அவை தேய்ந்து சுருங்கிய வடிவம் ஸ்தோயான் என்று கொள்ளலாம். சொல்லமைப்பை மட்டும் பார்த்தால் இதை மறுக்க முடியாது. ஆனால் உயர்குடியினரின் இருசொல் பெயர்கள் மறைந்து பல நூற்றாண்டு ஆன பிறகும் உழவர் வீடுகளில் ஸ்தோயான் புதிது புதிதாகச் சூட்டப்பட்டது. சூட்டியவர்களின் காதில் அது ‘நில்’ என்ற வினையாகவே ஒலித்தது. ஒரு பெயர் ஏன் உயிரோடு இருந்தது என்று கேட்கும்போது, தொடக்கத்தில் அது எப்படி உருவாகியிருக்கலாம் என்பதைவிடச் சூட்டியவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

2.2 விகுதி

‘ஒவ்’, ‘எவ்’ என்பவை ஸ்லாவிய மொழிகளின் உடைமை விகுதிகள். வல்லொலியில் முடியும் பெயருக்கு ‘ஒவ்’, மெல்லொலியில் முடிவதற்கு ‘எவ்’ என்பது பொது விதி. இவான் இவானொவ் ஆகிறான். கெயோர்கி கெயோர்கியெவ் ஆகிறான். பழைய பல்கேரியத்தில் பெயர்த்த சுவிசேஷங்களில் தாவீதின் வீடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் தாவீதின் பெயரோடு வந்து ஒட்டுவது இந்த விகுதிதான்.

பிற்காலத்தில் பல்கேரியம் பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகளை ஏறக்குறைய முழுவதும் இழந்தது. ஸ்லாவிய மொழிகளில் பல்கேரியமும் அதன் அண்டை மொழியான மாசிடோனியமும் மட்டுமே இப்படி மாறியவை. அந்தப் பெரிய இழப்பிலும் உடைமை விகுதி தப்பியது. இன்றும் ஸ்தோயானின் வீட்டைச் சுட்ட ‘ஸ்தோயானொவதா கஷ்தா’ என்கிறார்கள். ஆகவே பல்கேரியர் ஒருவர் தம் குடும்பப் பெயரைச் சொல்லும்போது அதன் இலக்கணம் அவருக்கு மறைபொருளாக இல்லை. ஸ்தோயானுடையவன் என்று அது வெளிப்படையாகப் பேசுகிறது. உரிச்சொல் என்பதால் அது பாலுக்கும் எண்ணுக்கும் இசைந்து மாறும். மகன் ஸ்தோயானொவ், மகள் ஸ்தோயானொவா, குடும்பத்தார் ஸ்தோயானொவி.

ரஷ்ய மொழியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். ரஷ்யத்தில் தந்தைவழிப் பெயருக்கு ‘ஒவிச்’ என்றும் குடும்பப் பெயருக்கு ‘ஒவ்’ என்றும் தனித்தனி விகுதிகள் உண்டு. பல்கேரியத்தில் இரண்டுக்கும் ஒரே விகுதி. அதனால் தந்தை பெயர் எங்கே முடிகிறது, குடும்பப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை வடிவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இடத்தைக் கொண்டே சொல்ல முடியும். 1994 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் பல்கேரியாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுசென்ற ஹ்ரிஸ்தோ ஸ்தோய்ச்கொவின் முழுப் பெயர் ஹ்ரிஸ்தோ ஸ்தோய்ச்கொவ் ஸ்தோய்ச்கொவ். தந்தை ஸ்தோய்ச்கோ என்பதை நடுப்பெயர் சொல்கிறது. முன்னோருள் ஒரு ஸ்தோய்ச்கோ இருந்தார் என்பதைக் கடைசிப் பெயர் சொல்கிறது. ஸ்தோய்ச்கோ என்பது ஸ்தோயானின் செல்லப் பெயர்களுள் ஒன்று.

3. காக்கும் பெயர்கள்

பெயரியல் அறிஞர் ஸ்தெஃபான் இல்செவ் 1969-இல் வெளியிட்ட பல்கேரிய ஆட்பெயர், குடும்பப் பெயர் அகராதியும், நிக்கொலாய் கொவாச்செவ் 1987-இல் வெளியிட்ட ஆட்பெயர் அகராதியும் இத்துறையின் அடிப்படை நூல்கள். பல்கேரியப் பெயரியல் ஸ்தோயானை வைக்கும் வகுப்புக்குக் காப்புப் பெயர்கள் என்று பெயர். ஸ்தோயானைத் தனியாகப் பார்த்தால் அதன் பொருள் விளங்காது. உடன்பிறந்த பெயர்களோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ழிவ்கோ என்றால் உயிரோடிருப்பவன். ஸ்த்ராவ்கோ என்றால் நலமுள்ளவன். திராய்கோ நீடித்திருப்பவன். காமென் கல். ழெலியாஸ்கோ இரும்பு. இவை குழந்தைக்கு உறுதி வேண்டும் பெயர்கள். இரண்டாவது வகை, சாவை மிரட்டும் பெயர்கள்: வல்கோ, வல்ச்சோ, வல்ச்சான் என்று ஓநாயின் பெயரைச் சூட்டினால் தீய ஆவிகள் நெருங்காது என்று நம்பினார்கள். மூன்றாவது வகை, சாவை ஏமாற்றும் பெயர்கள். நாய்தென் என்றால் கண்டெடுக்கப்பட்டவன். அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில் புதிதாகப் பிறந்ததைத் தாயே வழியோரத்தில் வைத்துவிட்டு ஒதுங்குவாள். முதலில் அவ்வழியே வருபவர் அதை எடுத்து ஞானத் தந்தையாகவோ ஞானத் தாயாகவோ ஆகிப் பெயரிடுவார். இது எங்கள் பிள்ளை அன்று, எங்கோ கிடைத்தது என்று விதிக்குப் பொய் சொல்லும் சடங்கு அது. புரொதான் என்றால் விற்கப்பட்டவன். நோயாளிக் குழந்தையை வேறொரு குடும்பத்துக்கு ஒப்புக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கத்தில் பிறந்த பெயர். நான்காவது வகையில் ஸாப்ரியான், கிரேக்கத்திலிருந்து வந்த ஸ்தமாத் ஆகியவை வருகின்றன. இரண்டுக்கும் நிறுத்து என்று பொருள். தொடரும் சாவு நிற்க வேண்டும் என்றும், சில வீடுகளில் பெண்பிள்ளைகள் மட்டுமே பிறப்பது நிற்க வேண்டும் என்றும் வைத்தார்கள்.

ஸ்தோயான் இந்த வரிசையில் முதல் வகையைச் சேர்ந்தது. குழந்தையைப் பார்த்து நேரடியாகச் சொல்வது போன்ற பெயர்: போகாதே, இரு. பெண்பிள்ளைகளுக்கு ஸ்தோயானா, ஸ்தோயான்கா, ஸ்தோய்கா என்ற வடிவங்கள் அதே வேண்டுதலைச் சுமந்தன. அருகிலுள்ள ‘ஸ்தான்’ அடியில் பிறந்த ஸ்தான்கோ, ஸ்தானா, ஸ்தாமென் போன்ற பெயர்களும் ஒலியிலும் பொருளிலும் இதனோடு கலந்தன.

இந்த விளக்கம் பிற்கால அறிஞர்களின் ஊகம் என்று யாரேனும் ஐயுறலாம். தெற்கு ஸ்லாவியருக்குள்ளேயே இதற்கு ஓர் உறுதியான சான்று இருக்கிறது. செர்பிய மொழிச் சீர்திருத்தவாதி வூக் கராஜிச் 1787-இல் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காததால் ஓநாய் என்று பொருள்படும் வூக் என்ற பெயரைத் தமக்கு வைத்தார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார். 1818-இல் வெளியான தம் செர்பிய அகராதியிலும் இப்பெயரைச் சூட்டும் காரணத்தை விளக்கினார்: குழந்தைகளைத் தின்னும் சூனியக்காரிகள் ஓநாயை நெருங்கத் துணியமாட்டார்கள். காப்புப் பெயர் தாங்கியவர் ஒருவர் தாமே தம் பெயரின் காரணத்தை அச்சில் பதித்த அரிய இடம் அது.

பெயருக்குப் பின்னிருந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அந்த அச்சத்துக்குக் கண்ணெதிரே காரணம் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேகூடப் பல்கேரியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், மருத்துவரே இல்லாத மலைக்கிராமங்களில், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பெற்றவர்களின் கையில் இருந்த மருந்துகள் சில. அவற்றுள் பெயரும் ஒன்று. புனிதரின் பெயரைச் சூட்டினால் புனிதர் காப்பார் என்று திருச்சபை சொன்னது. பல வீடுகள் அதை ஏற்றன. புனிதரின் பெயர் தாங்கிய குழந்தைகளும் போனபோது பழைய சொல்லிடம் திரும்பினார்கள். முதற்பகுதியில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை என்று நான் கருதுகிறேன்.

இந்த ஒளியில் பார்த்தால், ஸ்தோயானை உறுதியாக நிற்பவன், அசையாத வீரன் என்று விளக்கும் இன்றைய பெயர்ப் பட்டியல்கள் பொருளைத் திரித்துவிட்டன என்றே சொல்வேன். அந்த விளக்கத்துக்கு உரம் சேர்த்தவை நாட்டுப்பாடல்கள். மிலாதினொவ் சகோதரர்கள் 1861-இல் ஸாக்ரெப் நகரில் வெளியிட்ட பெருந்தொகுப்பு முதலாகப் பல்கேரியப் பாடல் தொகுப்புகளில் ஸ்தோயான் அடிக்கடி வருகிறான். காதலனாகவும் ஆட்டிடையனாகவும், காட்டில் திரியும் ஹைதுத் என்னும் கலகப் படையினரின் தலைவனாகவும். பாடல்களில் அவன் வீரன்தான். ஆனால் அந்தப் பெயர் அங்கே போனதற்குக் காரணம், ஊருக்கு ஊர் ஸ்தோயான்கள் நிறைந்திருந்ததே. பாடலிலிருந்து தொட்டிலுக்குப் பெயர் வரவில்லை. தொட்டிலிலிருந்து பாடலுக்குப் போயிற்று.

4. ஆவணங்களில் ஸ்தோயான்

தர்னொவோ 1393-இலும் விதின் 1396-இலும் ஒட்டோமன்களிடம் வீழ்ந்தன. அதன்பின் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுக் காலம் பல்கேரிய உழவனின் பெயரை முறையாக எழுதி வைத்தவர்கள் வரி எழுத்தர்களே. வரி செலுத்தும் கிறிஸ்தவ ஆண்களை அவர்கள் ஊர்வாரியாக எழுதினார்கள். ஒவ்வொருவரையும் ‘இன்னார், இன்னாரின் மகன்’ என்று பதிந்தார்கள். மகன் என்பதற்கு அவர்கள் எழுதிய சொல் ‘வெலெத்’. மெய்யொலிகள் இரண்டு தொடக்கத்தில் சேர்ந்து வருவது துருக்கியத்துக்கு இயல்பில்லாததால் ஸ்தோயான் அங்கே இஸ்தோயான் ஆனான். உயிரொலிகளை முழுவதும் காட்டாத அரபு எழுத்தில் ஸ்தோய்கோவா, ஸ்தாய்கோவா என்று பிரித்தறிய முடியாத இடங்களும் ஏராளம்.

இப்பதிவுகளின் மதிப்பு, தந்தை பெயரே ஒருவரின் அடையாளமாக இருந்ததை அவை காட்டுவதில் இருக்கிறது. ஸ்தோயானின் மகன் பெத்கோ என்றால் பதிவேட்டுக்குப் போதும். அடுத்த தலைமுறைப் பதிவில் பெத்கோவின் மகன் இன்னொருவன் வருவான், ஸ்தோயான் மறைந்துவிடுவான். தலைமுறை தாண்டி நிலைக்கும் குடும்பப் பெயரை அரசும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

இப்பெயர்க் குழுவின் வரலாற்றில் கோத்தெல் என்ற மலையூருக்குத் தனியிடம் உண்டு. பல்கேரிய மறுமலர்ச்சியின் முன்னோடியான ஆயர் சொஃப்ரோனி விராச்சான்ஸ்கி 1739-இல் அங்கே பிறந்தபோது அவர் பெயர் ஸ்தோய்கோ விளாதிஸ்லாவொவ். ஸ்தோய்கோ, ஸ்தோயானின் மற்றொரு செல்லப் பெயர். குருப்பட்டம் பெற்ற பிறகும் ஸ்தோய்கோவாகவே இருந்தார்; ஆயரானபோது சொஃப்ரோனி ஆனார். அவருடைய பேரனும் ஸ்தோய்கோதான்: ஸ்தோய்கோ த்சொன்கொவ். கிரேக்கக் கல்வி பெற்று ஒட்டோமன் ஆட்சியில் உயர்ந்தபோது இவரும் பெயரை மாற்றினார். ஸ்தெஃபான் பொகோரிதி என்ற பெயரோடு 1834-இல் சாமோஸ் தீவின் இளவரசரானார். பொகோரிதி என்பது மன்னர் போரிஸின் பெயரை நினைவூட்ட அவர் தேர்ந்துகொண்டது. பாட்டனும் பேரனும் உயர்ந்தபோது ஸ்தோய்கோவை விட்டது தற்செயலன்று என்று கருதுகிறேன். ஸ்தோய்கோ வீட்டுக்கும் ஊருக்கும் உரிய பெயர். ஆயர் பதவிக்கும் அரசவைக்கும் போகிறவருக்குத் திருச்சபை அறிந்த கிரேக்கப் பெயர் தேவைப்பட்டது. பேரன் ஏற்ற ஸ்தெஃபான் ஒலியிலும் ஓரளவு ஒத்துப்போனது.

5. தந்தை பெயர் குடும்பப் பெயரான விதம்

19-ஆம் நூற்றாண்டு வரை பல்கேரியரின் இரண்டாம் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. கலோஃபெர் ஊரின் ஆசிரியர் போத்யோ பெத்கொவ். அவர் தந்தை பெத்கோ என்பதை அப்பெயரே சொல்கிறது. அவர் மகன், பல்கேரியாவின் தலைசிறந்த கவிஞன், ஹ்ரிஸ்தோ போத்தெவ் என்றே அறியப்பட்டான். பெத்கொவ் என்ற பெயர் மகனிடம் நிலைக்கவில்லை. தந்தையின் பெயரான போத்யோ புதிய குடும்பப் பெயரானது.

ஸ்தோயானொவ் என்ற பெயருக்கும் இப்படிப்பட்ட புகழ்பெற்ற சான்று உண்டு. ஒட்டோமன் ஆட்சிக்கு எதிரான ஏப்ரல் எழுச்சியின் வரலாற்றை எழுதிய ஸஹாரி ஸ்தோயானொவ் 1850-இல் கோத்தெலுக்கு அருகிலுள்ள மெத்வென் கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜெந்தோ ஸ்தோயானொவ் ஜெதெவ். ஆட்டிடையனாகத் தொடங்கி, 1876-இல் அந்த எழுச்சியில் பங்கேற்று, விடுதலைக்குப் பின் தேசியப் பேரவையின் தலைவராக உயர்ந்து, 1889-இல் பாரிஸில் இறந்தார். ஜெந்தோ ஸஹாரி ஆனான், ஜெதெவ் உதிர்ந்தது, தந்தை ஸ்தோயானின் பெயர் மட்டும் நின்றது. எழுச்சிகளைப் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதிகளின் முகப்பில் இருப்பது குடும்பத்தின் பெயரன்று, ஒரு தகப்பனின் பெயர். அடுத்த நூற்றாண்டிலும் இது நடந்தது. கெயோர்கி ஸ்தோயானொவ் ஸ்லதாரெவ் என்ற எழுத்தாளர் லியுத்மில் ஸ்தோயானொவ் என்ற புனைபெயரில் புகழ்பெற்றார். முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் விட்டவர் தந்தை பெயரை விடவில்லை.

மாறிக்கொண்டிருந்த பெயரை நிறுத்தியது அரசு. 1878-இல் ஒட்டோமன் ஆட்சி அகன்று, 1879-இல் தர்னொவோவில் அரசியலமைப்பு நிறைவேறி, புதிய நாட்டுக்குப் படையும் பள்ளியும் நிலப்பதிவும் குடிப்பதிவும் வந்தன. படைக்கு ஆள் எடுக்கும் அலுவலருக்கும் சொத்து எழுதும் எழுத்தருக்கும் மாறாத பெயர் தேவைப்பட்டது. அந்தத் தருணத்தில் யார் உயிரோடிருந்தார், யார் பெயரைச் சொல்லி எழுதினார்கள் என்பதே குடும்பப் பெயரைத் தீர்மானித்தது. ஒரே வீட்டின் இரு அண்ணன் தம்பிகளில் ஒருவர் பாட்டன் பெயரையும் மற்றவர் தந்தை பெயரையும் கொடுத்தால், அவர்களின் பேரப்பிள்ளைகள் இரு வேறு குடும்பப் பெயர்களைத் தாங்கினார்கள்.

இதோடு சூட்டுமுறை ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை வைப்பது பல்கேரியரிடம் வலுவான மரபு. ஸ்தோயானின் மகன் இவான் ஸ்தோயானொவ். அவன் முதல் மகன் பாட்டன் பெயரால் ஸ்தோயான் இவானொவ். அடுத்தவன் மறுபடி இவான் ஸ்தோயானொவ். இரண்டே பெயர்கள் மாறி மாறி ஏறி இறங்கும் இந்தச் சுழற்சி எந்தப் படியில் நின்றதோ, அந்தப் படியின் பெயர் குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. காப்புப் பெயரின் வாழ்வை நீட்டித்ததும் இம்மரபே. முதல் ஸ்தோயானுக்கு அச்சத்தால் பெயர் வந்தது. பேரன் ஸ்தோயானுக்குப் பாட்டன் மீதுள்ள மரியாதையால் வந்தது. பேரனைப் பெற்றவர்களுக்கு வேண்டுதலின் நினைவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

6. கிளைகள்

ஸ்தோயானொவோடு ஸ்தோய்கொவ், ஸ்தோயெவ், ஸ்தோய்ச்செவ், ஸ்தோய்ச்கொவ், ஸ்தோயிலொவ், ஸ்தோயிமெனொவ் முதலியவை ஒரே அடியில் கிளைத்தவை. இவற்றுள் ஸ்தோயிலொவ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரதமராக இருந்த கொன்ஸ்தந்தின் ஸ்தோயிலொவால் அறியப்பட்டது. எல்லைக்கு அப்பால் செர்பியாவில் ஸ்தோயானொவிச், மாசிடோனியாவில் ஸ்தோயானொவ்ஸ்கி, ருமேனியாவில் ஸ்தொயான், ஸ்தொய்க்கா என்று விகுதி அந்தந்த மண்ணுக்கேற்ப மாறுகிறது. ரஷ்ய-துருக்கியப் போர்களின்போது பெஸராபியாவுக்குக் குடிபெயர்ந்த பல்கேரியர் பெயரைத் தம்மோடு கொண்டுபோனார்கள். ஒடெஸாவில் பிறந்த ரஷ்ய நடிகர் யூரி ஸ்தோயானொவின் தந்தைவழி அந்தக் குடியேற்றத்தைச் சேர்ந்தது.

ஊர்ப்பெயரிலும் இதே அடி உண்டு. விராத்சா மாகாணத்தில் ஸ்தோயானொவ்த்சி என்ற கிராமம் இருக்கிறது. ‘ஒவ்த்சி’ என்பது இன்னாரின் மக்கள் என்று கூட்டத்தைச் சுட்டும் ஈறு; மலைப்பகுதிகளில், குறிப்பாக கப்ரொவோவைச் சுற்றி, இத்தகைய சிற்றூர்கள் மிகுதி.

7. சட்டமும் விகுதியின் இருண்ட பக்கமும்

இன்றைய பல்கேரியக் குடிமகனின் பெயர் மூன்று உறுப்புகளைக் கொண்டது: சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவராக இருந்த பெத்தர் ஸ்தெஃபானொவ் ஸ்தோயானொவின் பெயர் இந்த அமைப்புக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1999-ஆம் ஆண்டின் குடிப்பதிவுச் சட்டத்தில் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான ஒரு வாசகம் இருக்கிறது. குழந்தையின் குடும்பப் பெயர் தந்தையின் குடும்பப் பெயராக இருக்கலாம்; அல்லது தந்தையின் தந்தை பெயராகவும் இருக்கலாம். அதாவது பாட்டனின் சொந்தப் பெயரைப் பேரனுக்குக் குடும்பப் பெயராக்கும் பழைய வாசல் இன்னும் அடைபடவில்லை. பெயர் உறைந்துவிட்டது என்று மேலே சொன்னதை இந்த அளவுக்குத் திருத்தியே கொள்ள வேண்டும்.

அதே சட்டம் ‘ஒவ்’, ‘எவ்’ விகுதிகளைப் பொதுவிதியாக வைத்துவிட்டு, குடும்ப, இன, சமய மரபு வேறாக இருந்தால் விலக்கு அளிக்கிறது. இந்த விலக்குக்குப் பின்னால் பெருந்துயரம் இருக்கிறது. பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களின் பெயர்களை வலிந்து மாற்றும் முயற்சி 1912-13 பால்கன் போர்க் காலத்தில் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் மீண்டும் நடந்தது. 1984-85 குளிர்காலத்தில் தொதோர் ழிவ்கொவின் அரசு துருக்கியச் சிறுபான்மையினர்மேல் பாய்ந்தது. ஊர்களைப் படையும் காவலும் சூழ்ந்துகொள்ள, பட்டியலிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரைத் தேர்ந்துகொள்ளும்படி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் பெயரை இழந்தார்கள். இறந்துபோன தந்தையின் பெயரும்கூட ஏட்டில் மாற்றி எழுதப்பட்டது. 1989 கோடையில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் துருக்கிக்குப் புறப்பட்டுப் போனார்கள். 1990 மார்ச்சில் வந்த சட்டம் பழைய பெயர்களை மீட்டுக்கொள்ள வழிசெய்தது.

ழிவ்கொவ் என்ற பெயரும் உயிரோடிருப்பவன் என்ற காப்புப் பெயரில் பிறந்தது. ஒரு பிள்ளையைக் காக்கப் பிறந்த பெயரைத் தாங்கியவரின் ஆட்சியில், இன்னாரின் மகன் என்று சொல்வதற்கு இருந்த விகுதி இன்னாரின் மகன் என்பதை அழிக்கப் பயன்பட்டது. பல்கேரியப் பெயரியலை எழுதுகிறவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

8. பெயர் ஒன்று, வேர் பல

மேலே கண்டவற்றிலிருந்து ஆய்வு முறைக்கான முடிவு ஒன்று வருகிறது. ஸ்தோயானொவ் என்ற பெயர் தாங்கிய இருவருக்குள் உறவு உண்டா என்று அப்பெயர் சொல்லாது. இந்தப் பெயருக்கென்று தாயகம் ஒன்று இல்லை, குலச்சின்னம் இல்லை, முதல் முன்னோன் ஒருவன் இல்லை. பெயருக்குச் சின்னமும் வம்சக் கதையும் விற்கும் வணிகம் உலகெங்கும் நடக்கிறது. ஸ்தோயானொவ் குடும்பத்தார் அதில் பணம் போடுவது வீண்.

வேரைத் தேட வேறு வழி உண்டு. குடும்பப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு ஊரின் பெயரையும், அந்த ஊரில் அக்குடும்பத்துக்கு வழங்கிய பட்டப்பெயரையும் முதலில் கண்டறிய வேண்டும். ஏட்டில் ஸ்தோயானொவ் என்று இருக்கும் வீட்டை ஊரார் வேறு பெயரால் அழைத்திருப்பார்கள். அந்த வாய்மொழிப் பெயர் ஏட்டுப் பெயரைவிட ஒன்றிரண்டு தலைமுறை பழையதாக இருக்கும். வீட்டின் மூத்த பெண்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து நகராட்சியின் குடும்பப் பதிவேடுகளும் பங்குக் கோயிலின் ஞானஸ்நானக் குறிப்புகளும். அதற்கும் பின்னே போக விரும்புகிறவர் ஒட்டோமன் ஏடுகளைத் திறக்க வேண்டும். அவற்றின் பெரும்பகுதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. ஒரு பகுதி 1931-இல் பழைய காகித விலைக்கு பல்கேரியாவுக்கு விற்கப்பட்டு, கூழாகப் போகவிருந்த நிலையில் அறிந்தவர்களால் மீட்கப்பட்டது. அது இன்று சோஃபியாவின் புனித சிரில், மெதோடியஸ் தேசிய நூலகத்தின் கீழைத்தேயப் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது. தன் ஊரின் ஏடு அங்கே இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து ஒரு ஸ்தோயானொவ் தன் தேடலைத் தொடங்கலாம்.